தராசுக்காரர் எழுதிய மூன்று பொய்கள்

“நீங்களே எண்ணிப் பாருங்க மேடம். நான் எண்ணினா கோபத்துல எண்ணுறேன்னு சொல்வாங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் மேஜை மேல் ஒரு சாமானை வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிளாஸ்டிக் கிளிப். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மணி. குண்டூசி முனையால் ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினார் மேடம்.

மேடம் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவி எடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே சொந்தமாகத் துப்பறியக் கிளம்பிவிட்டார். மழையோ வெயிலோ, கையில் குடை இருக்கும். நான் அவருடைய உதவியாளன். எல்லோரும் என்னை வாயாடி என்றே கூப்பிடுவதால், பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே சில நாள் மறந்துபோகிறது.

“பன்னிரண்டு,” என்றார் மேடம்.

“அதேதான்.” அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். “ஒண்ணு கூடவோ குறைச்சலாவோ வந்துடாதான்னு பார்த்தேன்.”

“இது உங்கப்பா கண்டுபிடிச்சதா?”

“ஆமா மேடம். ஆஸ்பத்திரியில சலைன் ஏத்தும்போது, பாட்டில் காலியானதைக் கவனிக்காம விட்டா ரத்தம் குழாய்ல திரும்ப ஏறிடும். எங்கம்மாவுக்கு அப்படி ஆச்சு. அதைப் பார்த்துட்டு அப்பா ரெண்டு வருஷம் உட்கார்ந்து இதைச் செஞ்சார். பாட்டிலை இந்தக் கொக்கியில மாட்டணும். மருந்து குறையக் குறைய எடை குறையும், ஸ்பிரிங் மேல ஏறும். தீர்ந்து போற நேரத்துல அதுவே குழாயை அமுக்கி மூடிட்டு மணி அடிக்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.”

“உலகமே பூனைக்கு மணி கட்ட ஆள் தேடிட்டிருக்கு. உங்கப்பா பாட்டிலுக்கே கட்டிட்டார்,” என்றேன்.

மேடம் முறைத்தார். அந்தப் பெண் மட்டும் லேசாகச் சிரித்தாள். அப்பாவைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி ரொம்ப நாள் ஆகியிருக்கும் போல.

அவளுடைய அப்பா தராசு ரிப்பேர்காரர். நாற்பது வருஷமாக ஊர்க் கடைகளின் தராசையெல்லாம் சரிபார்த்தவர். கண்ணாடி டம்ளரில் தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாராம். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சு நோயில் போய்விட்டார். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மகன் அச்சகத்தில்.

“கம்பெனிகளுக்குக் காட்டுறதுக்கு முன்னாடி காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாரா?” மேடம் கேட்டார்.

“இல்ல. எந்தக் கம்பெனியாவது ஒத்துக்கட்டும், அப்புறம் போடலாம்னு இருந்தார்.”

“ரகசியத்தை வெளியே விட மாட்டோம்னு அவங்ககிட்ட கையெழுத்தாவது?”

“நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். ‘உட்காரவெச்சு டீ வாங்கிக் கொடுக்கிறாங்க. அவங்ககிட்டப் போய்த் திருட மாட்டேன்னு எழுதிக் கொடுங்கன்னு எப்படிம்மா கேக்கிறது’ன்னார்.”

“அடக் கடவுளே! ஒரு டீக்கு ரெண்டு வருஷ உழைப்பா?” என்றேன்.

“அவ்வளவு ஏமாளி இல்ல அவர். தனக்குத் தெரிஞ்ச பூட்டு ஒண்ணைப் போட்டார். மூணு கம்பெனிக்கு மூணு வரைபடம் கொடுத்தார். எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஸ்பிரிங் சுற்று மட்டும் வேற. ஒருத்தருக்கு ஒன்பது, ஒருத்தருக்குப் பத்து, ஒருத்தருக்குப் பதினைஞ்சு. மூணுமே பொய். திருடறவன் அதை அப்படியே காப்பி அடிப்பான், எண்ணிக்கையே அவனைக் காட்டிக் கொடுத்துடும்னு சொன்னார்.”

“எமகாதகர்!” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மூன்று கம்பெனியும் ‘எங்களுக்குப் பயன்படாது’ என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டன. பிறகு ஒரு நாள் அவள் கடைக்கே ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. பிரித்தால் அப்பாவின் கிளிப். பெட்டியில் போட்டிருந்த பெயர், பதினைந்து சுற்று வரைபடம் வாங்கிய கம்பெனியுடையது. ஸ்பிரிங்கில் இருந்ததோ பன்னிரண்டு.

“பன்னிரண்டுதான் சரியான எண்ணா?”

“ஆமா. அது அப்பாவோட நோட்டுல மட்டும்தான் இருந்தது. தெரிஞ்சது மூணே பேருக்கு. அப்பா, நான், என் தம்பி.” அவள் கிளிப்பைத் தள்ளி வைத்தாள். “நான் கொடுக்கல மேடம்.”

“தம்பிகிட்ட கேட்டீங்களா?”

“நேராவே கேட்டேன். ‘நீயாடா கொடுத்தே’ன்னு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நம்பியிருப்பேனோ என்னவோ. தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். அடுத்த வாரமே அப்பா போயிட்டார். படுத்திருந்தவர்கிட்ட நான் எதையும் சொல்லல. அன்னைக்கு அவன் வந்தான். நான் கேட்டைப் பூட்டிட்டேன்.”

“அவர் திரும்பிப் போயிட்டாரா?” என்று கேட்டேன்.

“எதிர்ச்சாரியில நின்னான். அப்பாவை ஏத்தின வண்டி கிளம்புற வரைக்கும் நின்னான். நிக்கட்டும்னு விட்டுட்டேன்.” அவள் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினாள். டைப் அடித்த புகார். முதல் பெயர் கம்பெனி, இரண்டாவது பெயர் தம்பி. “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கொடுக்கப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஒரு ஆதாரம் வேணும்.”

மேடம் கிளிப்பையும் அது வந்த அட்டை டப்பாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். “இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் எனக்குக் கொடுங்கம்மா. அதுவரைக்கும் அந்த ஃபைலை மூடியே வைங்க.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மேடம் சொன்னார். “திருடினவன் வாயில முதல்ல வர்ற வார்த்தை ‘நான் இல்ல’. முப்பது வருஷத்துல அதைச் சொல்லாத திருடனை நான் பார்த்ததில்ல. இவன் ஏன் சொல்லல?”

“வாயில்லாப் பூச்சியா இருப்பான் மேடம். எனக்கு நேர் எதிர்.”

“டப்பாவைப் படி.”

படித்தேன். கம்பெனி பெயர், விலாசம், ‘ஆஸ்பத்திரி வார்டில் சோதித்தது’, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘திருத்திய மாதிரி’.

“திருத்தியதுன்னா, திருத்தாதது ஒண்ணு முன்னாடி இருந்திருக்கணும்ல?” என்றார் மேடம். “வீட்டுலேருந்து சரியான எண்ணைத் திருடியிருந்தா முதல் தடவையே சரியா வந்திருக்குமே. தப்பா ஒண்ணு பண்ணிட்டு, அப்புறம் ஏன் திருத்தினான்?”

அட, ஆமாம். சோற்றுக்குள் பூசணிக்காய் கணக்கில் டப்பாவிலேயே கிடந்திருக்கிறது. ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்று. அங்கேயே இறங்கினோம்.

ஆபரேஷன் வார்டின் தலைமை நர்ஸ், கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். “நாலு மாசம் முன்னாடி சோதிச்சுப் பாருங்கன்னு இருபது கிளிப் கொடுத்துட்டுப் போனாங்க. ரெண்டே வாரத்துல அவங்களே பதறிட்டு வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“ஏன்?”

“லேட்டா மூடிச்சு மேடம். பாட்டில் சுத்தமா காலியாகி, ஒரு பையனுக்கு ரத்தம் குழாய்ல ஏறிடுச்சு. நல்ல வேளை, அந்தப் பெரியவர் பார்த்துட்டார்.”

“எந்தப் பெரியவர்?”

“எதிர் வார்டுல நெஞ்சு நோய்க்குப் படுத்திருந்தவர். மணிச்சத்தம் கேட்டு எழுந்து வந்துட்டார். வாசல்ல நின்னவர் முகம் பூரா சிரிப்பு. பேரப்பிள்ளை பொறந்த செய்தி கேட்ட மாதிரி. ‘அடிக்குது, அடிக்குது’ங்கிறார். நான் உள்ளே வராதீங்கன்னு திட்டினேன். கேக்கவே இல்ல. கிளிப்பைப் பிடிச்சு நகத்தால என்னவோ எண்ணினார். அதோட அந்தச் சிரிப்பு போச்சு. அப்பத்தான் பக்கத்துக் கட்டில் குழாய்ல ரத்தத்தைப் பார்த்தார்.”

தராசுக்காரரேதான். “அப்புறம்?” என்றார் மேடம்.

“அதுக்கப்புறம் மூணு நாள், டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும், கட்டில் கட்டிலா போய் நின்னார். மருந்து தீரப்போகும்போது தன் கையாலயே குழாயைத் திருகி மூடினார். சொந்த மூச்சே வாங்குது, இதுல இது வேற. என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ‘என்னால வந்த தப்பும்மா’ன்னார். பெரியவருக்கு என்னமோ குழப்பம்னு விட்டுட்டேன்.”

“இருபதும் கம்பெனிக்குத் திரும்பிப் போச்சா?”

“பத்தொன்பதுதான். ஒண்ணு காணோம். அதுக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிடுச்சு.”

வெளியே வந்ததும் நான் குதித்தேன். “மேடம், அந்த இருபதாவது கிளிப்! பெரியவர்தான் ஜேப்புல போட்டிருக்கார். பதினைஞ்சு சுற்று! திருடன் கையும் களவுமா மாட்டிக்கிட்டான். அது கிடைச்சா கேஸ் முடிஞ்சுது.”

“அதை வெச்சுக்கிட்டு அவர் எங்க போயிருப்பார்?”

“நானா இருந்தா வக்கீல்கிட்ட.”

“போயிருந்தா மகளுக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்று மேடம் குடையை விரித்தார். “கம்பெனிக்குத்தான் போயிருக்கணும்.”

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் பருமனான நோட்டு ஒன்றை நீட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ‘பேனா எழுதல அண்ணே’ என்று நான் பேனாவை உதறி உதறி நேரத்தைக் கடத்த, மேடம் நிதானமாகப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். நாலு மாதத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. நடுங்கின எழுத்து. தொழில்: தராசு ரிப்பேர். பார்க்க வந்தது: டிசைன் எஞ்சினியர். காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல், ‘திருத்தம்’. உள்ளே போனது பத்து பத்துக்கு. வெளியே வந்தது ஒன்று ஐந்துக்கு.

“சண்டை போட மூணு மணி நேரம் ஆகாது,” என்றார் மேடம்.

டிசைன் எஞ்சினியருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தராசுக்காரர் என்று சொன்ன உடனே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவர் எப்படி இருக்கார்?”

“இல்ல,” என்றார் மேடம்.

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு கேட்காமலே எல்லாம் வந்தது. மேனேஜர் ஒரு வரைபடத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னாராம். பெயர் எழுதியிருந்த மூலை மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்ததாம். யாருடையது என்று இவர் கேட்கவில்லை.

“கேக்காததுதான் சார் உங்க தொழில் திறமை,” என்றேன்.

அவர் அதற்குக் கோபப்படக்கூட இல்லை. “அந்தப் பெரியவர் உள்ளே வந்தப்ப, கத்தப் போறார்னு நெனச்சேன். பையிலேருந்து கிளிப்பை எடுத்து வெச்சார். ஸ்பிரிங்குல மூணு சுற்றை நறுக்கிட்டு, புதுசா கொக்கி வளைச்சுக் கொண்டு வந்திருந்தார். ‘தம்பி, பதினைஞ்சு தப்பு. பன்னிரண்டு போடுங்க. இப்பவே போடுங்க’ன்னார். எடைக் கல்லைத் தொங்கவிட்டு ஒவ்வொண்ணா காட்டினார். நான் கேட்டேன், ‘ஐயா, இது உங்களோடதா’ன்னு. ‘பதினைஞ்சுங்கிற பொய் என்னோடது. அதை வாபஸ் வாங்க வந்தேன்’னார்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “மேடம், திருடனோட கழுத்து அவர் கையில இருந்திருக்கு! பேசாம அந்தக் கிளிப்பைக் கொண்டுபோய்...”

“வக்கீல், கோர்ட்டுன்னு போனா எத்தனை மாசம்?” மேடம் என் பக்கம் திரும்பினார். “அந்தப் பதினைஞ்சு சுற்று அதுவரைக்கும் எத்தனை பாட்டில்ல தொங்கும்? எத்தனை கட்டில்ல ரத்தம் ஏறும்? அவருக்கு அதுதான் தெரிஞ்சிருக்கு.”

பிறகு எஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

“வீட்டுல ஏன் சொல்லல அவர்?” மேடம் கேட்டார்.

“போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டார் மேடம். ‘நாற்பது வருஷம் ஒரு கிராம் பொய் எடை போட்டதில்ல. இந்த வயசுல எழுதிட்டேன், ஒரு பையன் உயிருக்கு வந்துடுச்சு. என் பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்’னார். நான் யார்கிட்டயும் சொல்லல.”

“இதையெல்லாம் எழுதிக் கொடுப்பீங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “வேலை போயிடும் மேடம். வீட்டுல ரெண்டு குழந்தைங்க.”

“அவருக்கும் ரெண்டுதான் சார்,” என்றேன். இது ஜோக் இல்லை.

அவர் இழுப்பறையைத் திறந்து அந்த இருபதாவது கிளிப்பை எடுத்து மேடம் கையில் வைத்தார். தூக்கிப் போட மனசு வரவில்லையாம். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. ஒரு முனையில் மெஷின் வளைத்த கொக்கி, மறு முனையில் இடுக்கி வளைத்த கொக்கி. நாங்கள் தேடிவந்த ஆதாரத்தைத் தராசுக்காரரே நறுக்கித் திருத்தியிருக்கிறார்.

வாசலுக்கு வந்ததும் மேடம் தம்பி வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன் போட்டார். பிறகு பஸ் ஏறினோம். கண்டக்டர் மீதிச் சில்லறையைத் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது ஐந்தாகப் பத்து நிமிஷம். எதிர்ச்சாரியில், விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் அச்சு மை.

“உள்ளே வாங்க தம்பி,” என்றார் மேடம்.

“நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தேன். உள்ளே அக்கா கூப்பிடட்டும்.”

அவனை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போனோம். முன் அறைதான் அப்பாவின் பட்டறை. சுவரெல்லாம் தராசுகள், ஆணியில் ஸ்பிரிங் வளையங்கள். மேஜை மேல் அந்த ஃபைல். ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பா நறுக்கின கம்பித் துண்டையெல்லாம் எங்க போடுவார்?” மேடம் கேட்டார்.

“எதையும் தூக்கிப் போட மாட்டார். அந்தத் தகர டப்பாவுல.”

டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டினோம். ஆணி, திருகு, வாஷர், துருப்பிடித்த வளையங்கள். அவற்றுக்கு நடுவே பளபளவென்று மெல்லிய கம்பித் துண்டு ஒன்று, முனையில் மெஷின் வளைத்த கொக்கியோடு. மேடம் அதை இருபதாவது கிளிப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே கம்பி.

அவள் குனிந்து எண்ணினாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு.” பிறகு கிளிப்பை எண்ணினாள். “பன்னிரண்டு.” விரல் மடக்கிக் கூட்டினாள். “பதினைஞ்சு. அப்போ அவனுங்கதான். அவனுங்கதான் எடுத்திருக்கானுங்க. ஆனா இதை நறுக்கினது அப்பாவோட கை. இப்படிக் கொக்கி வளைக்கிறது அவர் மட்டும்தான்.”

மேடம் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து கம்பெனி வரை எல்லாவற்றையும் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில் கேஸ் எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிட்டார். “நாளைக்கு அவங்க, ‘அவரே தேடி வந்து கொடுத்தார்’னு சொல்வாங்கம்மா. வாசல் நோட்டுல அவர் கையெழுத்து இருக்கு. எஞ்சினியர் வாயைத் திறக்க மாட்டார். வக்கீலைப் பாருங்க, நானும் கூட வர்றேன். ஆனா நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொய் எழுதினதுக்கு வெட்கமாம்! யாருக்குத் தெரிஞ்சா என்ன? நாங்க என்ன கடைக்காரங்களா, அவர் பிள்ளைங்கதானே! அவர் சொல்லாம போனதுல நான் என் தம்பியை...”

திறந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போய்க் கேட்டைத் திறந்தாள்.

“உள்ளே வாடா.”

அவன் வந்தான். பட்டறை வாசற்படியில் தயங்கி நின்றான்.

“அப்பாதான்டா,” என்றாள் அவள். “அப்பாவே போய்க் கொடுத்திருக்கார். ஆஸ்பத்திரியில யாருக்கும் எதுவும் ஆயிடக்கூடாதுன்னு.”

அவன் அக்காவின் முகத்தையே பார்த்தான். முதலில் கம்பித் துண்டையோ எங்களையோ அவன் பார்க்கவே இல்லை.

“அப்போ... நீ இல்லையாக்கா?”

“என்னடா சொல்றே?”

“மூணு பேருக்குத்தானே தெரியும். நான் சொல்லல. அப்பா சாகுற வரைக்கும் சொல்ல மாட்டார்னு நெனச்சேன். உன் கடைக்குக் கம்பெனி ஆளுங்க தினமும் வர்றாங்க. பேச்சுவாக்குல வாயை விட்டுட்டே, பயந்துபோய் என்னைக் கேக்குறேன்னு நெனச்சேன்.”

“அதை அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேடா!”

“நான் இல்லைன்னு சொன்னா, அப்புறம் நீதான்னு ஆயிடுமே. அப்பா படுத்திருந்தார். நீன்னு தெரிஞ்சா தாங்க மாட்டார். நான்னா திட்டிட்டு விட்டுடுவார்.”

மேடம் குடைக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அவரை உறுத்திய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “கேட்டைப் பூட்டினேனேடா. அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க விடலயேடா உன்னை.”

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மை படிந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டான்.

“வண்டி திரும்பும்போது கண்ணாடி வழியா கொஞ்சம் தெரிஞ்சுதுக்கா,” என்றான், அவளைத் தேற்றுவதற்காக.

அதற்கு மேல் எங்களால் அங்கே நிற்க முடியவில்லை. நான் ஃபைலை எடுத்து அப்பாவின் தராசுக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாதபடி வைத்துவிட்டு மேடத்தோடு வெளியே வந்தேன்.